குடிநோய்க்குத் தொடர் மருத்துவம் வேண்டும்: அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

போதைமீட்புச் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர் மீண்டும் குடிக்கத் தொடங்கினால், மன உறுதியற்றவர் என்று ஊரும் உறவும் அவரைக் கைவிட்டுவிடுகின்றன. இத்தீர்ப்பு அறிவியலுக்கும் அறத்துக்கும் பொருந்தாதது.

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் வேதிப்பொருள்களுள் ஒன்றான டோபமின், இன்பம் தருவது என்று பரவலாகக் கருதப்பட்டாலும், இன்பத்தைவிட அதை நாடும் வேட்கையோடுதான் நெருங்கிய தொடர்புடையது. 1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில், முதலில் பழச்சாறு கிடைத்தபோது கிளர்ந்த டோபமின் நரம்பணுக்கள், சாறு வரப்போவதை உணர்த்தும் விளக்கொளிக்குக் குரங்குகள் பழகிய பின், சாற்றுக்கு அன்றி அவ்வொளிக்கே கிளர்ந்தன. குடிநோயாளிக்குக் கடையின் பெயர்ப்பலகையும், சம்பள நாளும், உடன் குடித்தவரின் முகமும் அத்தகைய விளக்கொளிகளே; பல மாதங்கள் குடிக்காதிருந்தாலும் அவை மூளையில் பதித்த தடம் எளிதில் அழிவதில்லை.

சூழலின் வலிமைக்கு மறுபக்கச் சான்றும் உண்டு. வியட்நாம் போரின்போது ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் 1970களில் ஆராய்ந்தபோது, நாடு திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானோர் மிகச் சிலரே என்று தெரியவந்தது. அவர்களுக்கு ஹெராயின் கிடைத்த இடம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. தமிழ்நாட்டுக் குடிநோயாளியோ, சிகிச்சை முடிந்ததும் அதே தெருவுக்குத்தான் திரும்புகிறார். அத்தெருவில் உள்ள மதுக்கடையை 2003 முதல் டாஸ்மாக் வழியே நடத்துவது அரசே. ஆகவே அவர் மீண்டும் குடித்தால், அதற்கான பொறுப்பில் அரசுக்கும் பங்குண்டு.

மது, போதைப்பொருள் ஆகியவற்றின் தவறான பயன்பாட்டால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்றே வரையறுக்கிறது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021இல் தொடங்கிய மாநிலத்துக்கு, நாள்பட்ட நோயைத் தொடர்ந்து கவனிக்கும் முறை புதிதன்று. குடிநோயையும் அத்திட்டத்தில் சேர்த்து, வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் மருத்துவரின் மேற்பார்வையில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கவும், சிகிச்சை முடித்தவரை ஓராண்டேனும் சுகாதாரப் பணியாளர் தேடிச்சென்று சந்திக்கவும் தாங்கள் ஆணையிட வேண்டும்.