நடவில் இடைவெளி எவ்வளவு?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் மேற்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்பினால்தான் நெல் நடவு. அவை எப்போது நிரம்பும் என்பது பருவமழையின் சித்தம். இங்குள்ள குடியானவரிடம் சென்று, "ஒன்பது அங்குலத்துக்கு ஒரு நாற்று நடுவதே விஞ்ஞானம்" என்று பிரசங்கிப்பது சுலபம். அது பாதி உண்மையே என்பது நமது அபிப்பிராயம்.

மடகாஸ்கர் தீவில் 1983-ம் ஆண்டு வாக்கில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கண்ட முறை, தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் பெற்றது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, நாற்புறமும் 22.5 சென்டிமீட்டர் இடைவெளி. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர். இதில் ஒற்றை நாற்று நமக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் அதற்குப் பிரசாரம் நடந்ததுண்டு. அதைக் காட்டிப் பெருமை பேச நாம் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஆறங்குலத்துக்கு நாலங்குலம் நட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 குத்துக்கள். ஒன்பது அங்குலச் சதுரமாக நட்டால் ஏறக்குறைய 20. அறுபத்தைந்தின் வேலையை இருபது செய்யவேண்டுமானால், ஒவ்வொரு நாற்றும் தாராளமாகத் தூர்கட்ட வேண்டும். இள நாற்று கட்டும். கண்மாய் நீருக்குக் காத்திருந்து நாற்றங்காலிலேயே முப்பத்தைந்து நாள் முற்றிய நாற்று அப்படிக் கட்டாது. அதையும் ஒன்பது அங்குலத்தில் நட்டால், மிஞ்சிய இடம் களைக்கே மானியம்!

பயிரின் உருவத்தையும் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல் தீர்ப்புச் சொல்லலாகாது. நெட்டையான பழைய ரகங்களின் இலைகள் தொங்கி ஒன்றன்மீது ஒன்று நிழலிடும். உரம் மிகுந்தால் பயிர் சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர். 8 குட்டையானது, தாள் உறுதியானது, இலை நிமிர்ந்தது. வெயில் அடியிலைவரை இறங்குவதால் நெருங்கி நின்றாலும் அது பொறுக்கும். ஆகவேதான் குறுகிய கால ரகங்களுக்கு நெருக்கமும், நன்கு தூர்கட்டும் நீண்ட கால ரகங்களுக்கு விலக்கமும் சொல்லப்படுகின்றன. வளமான நிலத்தில் இன்னும் சற்று விலக்கலாம். ஒரே அளவுகோலால் எல்லா வயலையும் அளப்பது விஞ்ஞானமன்று, இலாகாவின் சௌகரியம்.

ஆனால் அங்குலத்தை நிர்ணயிப்பவர் யார்? சேற்றில் குனிந்து நிற்கும் பெண்கள். நடவுக்கூலி ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசப்படும்போது, விரைந்து முடித்தால்தான் அவர்களுக்குக் கட்டும். கயிறு பிடித்து ஒற்றை நாற்றாக நடுவதென்றால் பொழுது கூடும். அதற்கேற்பக் கூலியும் கூடவேண்டும். நூற்பாலைகள் உள்ள ராஜபாளையத்தில் வயலுக்கு ஆள் கிடைப்பதே அருமை. அந்தக் கூடுதல் செலவைக் குத்தகைக் குடியானவர் தலையில் சுமத்திவிட்டு, அவர் பழமையில் ஊறியவர் என்று பழிப்பது நியாயமா?

சர்க்கார் எந்த மானியம் தந்தாலும் அதில் ஒரு பங்கு வரிசை நடவுக் கூலியாக அப்பெண்களின் கையில் சேரவேண்டும். செயல் விளக்க வயல்களை மடைத் தலைப்பில் மட்டும் வைத்துப் படம் பிடித்தால் போதாது. கடைமடையில், தாமதித்த நீரில், முற்றிய நாற்றை நாலு விதமான இடைவெளிகளில் நட்டு, அறுத்துத் தூற்றிய நெல்லைக் குடியானவர் கண்முன் அளந்து காட்டட்டும்.