தலைப்பைப் படிக்க எழுதும் அதிகாரம் எதற்கு?

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு வேலை தொடங்கும்போது அதற்கென ஒரு டோக்கன் உருவாகிறது. வேலை முடிந்ததும் காலாவதியாகிறது. இடைப்பட்ட நேரத்தில் அது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வரம்பு எழுதும் வசதி 2021 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. இரண்டே வரி. அதையும் எழுதாமல் விடுவது பொறுப்பற்ற செயல்.

2025 ஆகஸ்டில் என்எக்ஸ் என்ற திறமூல நிரல் திட்டத்தில் நடந்ததைப் பார்த்த பிறகும் எப்படித் தூங்க முடிகிறது? புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பைச் சரிபார்க்க அங்கே ஒரு ஒர்க்ஃப்ளோ இருந்தது. தலைப்பைப் படிக்கும் வேலைதான். ஆனால் அதன் டோக்கனுக்கு எழுதும் அதிகாரமும் இருந்தது. தாக்குதல்காரர்கள் தலைப்புக்குள்ளேயே கட்டளையைப் புகுத்தி அனுப்பினார்கள், அது ஓடியது. அந்த அதிகாரத்தைக் கொண்டே வெளியீட்டு ஒர்க்ஃப்ளோவை இயக்கி, நிரல் தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் தளத்துக்கான டோக்கனைத் திருடினார்கள். அதை வைத்து வெளியிட்ட நச்சுப் பதிப்புகள் சில மணி நேரம் என்பிஎம்மில் கிடந்தன. அவற்றை நிறுவியவர்களின் கணினிகளில் இருந்த ரகசியச் சாவிகள் அவரவர் கிட்ஹப் கணக்கிலேயே பொதுவில் கொட்டப்பட்டன. முதன்மைக் கிளையில் தலைப்பைச் சரிபார்க்கும் அந்த ஒர்க்ஃப்ளோவைத் திட்டத்தினர் முன்பே நீக்கியிருந்தார்கள். பழைய கிளை ஒன்றில் அது அப்படியே இருந்தது. நிரலில் ஓட்டை விழத்தான் செய்யும். வாசிக்கும் அனுமதி மட்டும் இருந்திருந்தால் அந்த டோக்கனால் வெளியீட்டை இயக்கியிருக்கவே முடியாது.

கிட்ஹப் நிறுவனமும் கண்டனத்துக்குரியதே. 2023 பிப்ரவரியில் இந்த டோக்கனின் இயல்பு அனுமதியை வாசிப்பு மட்டும் என்று மாற்றியது நல்ல முடிவு. ஆனால் புதிய கணக்குகளோடும் புதிய தனிநபர் களஞ்சியங்களோடும் நிறுத்திக்கொண்டு பழையவற்றை அப்படியே விட்டுவிட்டது. பழைய நிறுவனக் கணக்கில் இன்று தொடங்கும் களஞ்சியத்துக்கும், நிர்வாகி கைவைக்காதவரை, எழுதும் அனுமதியும் கொண்ட அந்தப் பழைய தாராளமே வந்து சேர்கிறது. உலகம் சார்ந்திருக்கும் எத்தனையோ திட்டங்கள் இத்தகைய கணக்குகளில்தான் வாழ்கின்றன. மாற்றினால் பழைய ஒர்க்ஃப்ளோக்கள் நின்றுபோகும் என்பார்கள். நிற்கட்டும். நின்றால் அன்றே தெரியும், அன்றே சரிசெய்யலாம். களவு அப்படித் தெரிவதில்லை.

கிட்ஹப் ஒரு தேதியை அறிவித்து, பழைய கணக்குகளிலும் இயல்பு அனுமதியைச் சுருக்க வேண்டும். பராமரிப்பாளர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு ஒர்க்ஃப்ளோ கோப்பின் தொடக்கத்திலும் உள்ளடக்கத்துக்கு வாசிப்பு அனுமதி என்று மட்டும் எழுதுங்கள். குறிப்பிடாத மற்ற அனுமதிகள் தாமாகவே இல்லாமல் போகும். வெளியிடும் வேலைக்கு எழுதும் அனுமதி தேவையென்றால், அந்த ஒரு வேலைக்குள் மட்டும் கொடுங்கள். கைவிட்ட கிளைகளையும் இந்த வாரமே திறந்து பாருங்கள்.