முப்பது மெஷின், ஒரே ஐபி: நம்ம லேபுக்கு எப்போ விடிவு?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த விஷயம். போன வாரம் நடந்த நெட்வொர்க் ப்ராக்டிகல் எழுத வச்சுடுச்சு. கூடப் படிக்கிறவங்களுக்குக் கதை தெரியும். மத்தவங்களுக்காக ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

லேப்ல முப்பது கம்ப்யூட்டர். ஒவ்வொண்ணுலயும் விர்ச்சுவல்பாக்ஸ், அதுக்குள்ள ஒரு உபுண்டு சர்வர். லேப் அண்ணன் ஒரு பென் டிரைவ்ல ஓவிஏ ஃபைலை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சீட்டா போய், இம்போர்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். ஒண்ணுக்குப் பத்து நிமிஷம்னாலும் முந்நூறு நிமிஷம். ஒரு நாள் காலி.

பரீட்சை அன்னைக்கு எல்லாரும் மெஷினை ஆன் பண்ணினா, கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே ஐபி! என் மெஷின்னு நினைச்சு எஸ்எஸ்எச்ல நுழைஞ்சா பக்கத்து சீட்டுக்காரனோட மெஷின் திறக்குது. ஒரு எச்சரிக்கை கூட வரல. ஏன்னா எல்லா மெஷின்லயும் எஸ்எஸ்எச் சாவியும் ஒண்ணேதான். ஒண்ணரை மணி நேரம் போச்சு. நான் அமிர்திக்குப் போற பஸ்ஸும் போச்சு. கணியம்பாடி வரைக்கும் வேற பஸ்ல போய், அங்கேருந்து மாமாவை பைக் எடுத்துட்டு வரச் சொல்லி, காட்டு ரோட்ல ராத்திரி வீடு போய்ச் சேர்ந்தேன். பாதியில நின்ன ரெண்டு பேருக்கு மார்க்கும் போச்சு. கேட்டா "லேப்னா இதெல்லாம் சகஜம்ப்பா"ங்கறாங்க.

சகஜம் இல்லைங்க. இது தவிர்க்கக்கூடிய தப்பு.

ஓவிஏ ஒண்ணும் மந்திரப் பெட்டி இல்ல. அது ஒரு சாதாரண டார் ஃபைல். பிரிச்சுப் பார்த்தா உள்ளே மூணு விஷயம் இருக்கும்: மெஷினுக்கு எவ்வளவு ராம், எத்தனை நெட்வொர்க் கார்டுன்னு சொல்ற ஒரு எக்ஸ்எம்எல் விவரணை, டிஸ்க் ஃபைல், அதோட ஃபைல் சிதையலைன்னு சரிபார்க்க செக்சம் இருக்கற மேனிஃபெஸ்ட். 2007-ல டெல், ஹெச்பி, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், விஎம்வேர், ஜென்சோர்ஸ் எல்லாரும் சேர்ந்து இந்த வடிவத்தை முன்வச்சாங்க. 2009-ல ஓவிஎஃப் 1.0 வந்தது, 2011-ல ஐஎஸ்ஓ தரமாவும் ஆச்சு. ஒரே இமேஜை நிறுவும்போது ஒவ்வொரு மெஷினுக்கும் பேர், ஐபி மாதிரி தனித்தனி மதிப்பு கொடுக்கவும் அந்தத் தரத்துலயே இடம் இருக்கு. அதாவது அவங்க அப்பவே யோசிச்சுட்டாங்க. நாமதான் இன்னும் நெக்ஸ்ட் அழுத்திக்கிட்டு இருக்கோம்.

சரி, ஐபி ஏன் மோதிச்சு? இம்போர்ட் பண்ணும்போது மேக் முகவரி மாறிடுச்சேன்னு கேக்கலாம். உபுண்டு சர்வர் 18.04-லேருந்து டிஹெச்சிபி கிட்ட ஐபி கேக்கும்போது, வேற மாதிரி செட் பண்ணலைன்னா, மெஷின்-ஐடியிலேருந்து உருவாக்கின அடையாளத்தைத்தான் காட்டும். அந்த ஐடி டிஸ்க்குக்குள்ள இருக்கு. டிஸ்கை நகல் எடுத்தா ஐடியும் நகல். டிஹெச்சிபி சர்வருக்கு முப்பது மெஷினும் ஒரே ஆள்!

எங்க சித்தப்பா ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை பார்க்கறார். அங்கே ஒரே மாடல் ஷூ ஆயிரக்கணக்குல போகுது. ஆனா எல்லாத்தையும் எட்டாம் நம்பர்ல தைச்சுட்டு, போட்டுக்கறவன் பார்த்துக்கட்டும்னு யாரும் பெட்டி கட்டறதில்ல. மாடல் பொது, சைஸ் தனி. நம்ம லேப்ல ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அடைச்சுட்டோம்.

2011-ல தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, விண்டோஸும் சி-டாக்கோட பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டு வந்தது. லட்சக்கணக்கான லேப்டாப். ஒவ்வொண்ணு முன்னாடியும் ஒரு ஆள் உட்கார்ந்து நெக்ஸ்ட் அழுத்தியிருப்பாரா? விண்டோஸ்ல நகல் எடுக்கறதுக்கு முன்னாடி அடையாளத்தை அழிக்கவே சிஸ்பிரெப்னு ஒரு கருவி இருக்கு. லட்சத்துக்கு முடியறது முப்பதுக்கு முடியாதா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மெஷின்-ஐடி ஃபைலைக் காலி பண்ணணும், எஸ்எஸ்எச் சாவிகளை அழிக்கணும், முதல் பூட்ல புதுசா உருவாகற மாதிரி வச்சுட்டு எக்ஸ்போர்ட் பண்ணணும். அதுவும் கஷ்டம்னா, உபுண்டுவோட கிளவுட் இமேஜ் ஓவிஏ வடிவத்துலயே இலவசமாக் கிடைக்குது. அப்புறம் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையை வச்சு ஒரு குட்டி ஸ்கிரிப்ட். மெஷின் பேர், ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் ஒரு சின்ன ஐஎஸ்ஓ மூலமா கிளவுட்-இனிட்டுக்குக் கொடுத்துடலாம். ஒரு சீட்லேருந்து முப்பதுக்கும் ஓட்டிட்டு அண்ணன் டீ குடிக்கப் போகலாம் :-)

இப்போ வழக்கமான எதிர்ப்புகளுக்கு வருவோம்.

"கையால பண்ணினாத்தான் கத்துக்க முடியும்." ஒரு தடவை கையால பண்ணுங்க, அது படிப்பு. முப்பது தடவை பண்ணினா அது தண்டனை. அந்தத் தண்டனையும் நமக்கு இல்ல, அண்ணனுக்கு.

"அண்ணன் வேலை போயிடும்." இப்போ எல்லாமே அவர் தலைக்குள்ள இருக்கு. அவர் லீவுன்னா லேபே லீவு. ஸ்கிரிப்ட் இருந்தா அவருக்கு லீவாவது கிடைக்கும்.

"டாக்கர் இருக்கும்போது விஎம் எதுக்கு?" கன்டெய்னர் ஹோஸ்டோட கெர்னலைத்தான் பகிர்ந்துக்குது. தனி கெர்னல், தனி பூட் வேணும்ங்கற பாடத்துக்கு விஎம்தான் சரி.

இன்னொண்ணு. எங்க வீட்டுல சிக்னல் நாலு தடவை வரும், அஞ்சு தடவை போகும். ஒவ்வொரு செமஸ்டரும் 4 ஜிபி ஃபைலை மறுபடி டவுன்லோட் பண்ணுன்னா நான் எங்கே போவேன்? அடிப்படை இமேஜ் ஒரு தடவை வாங்கினாப் போதும், மாத்தம் எல்லாம் சில கேபி ஸ்கிரிப்டா வந்தா அமிர்தியில உட்கார்ந்தும் நான் ப்ராக்டீஸ் பண்ணுவேன். திறந்து படிச்சு, தப்பு இருந்தா சொல்லவும் முடியும். 4 ஜிபி டிஸ்க் ஃபைலை யார் படிக்கறது?

டிஸ்கி: குறை சொல்றவன் செய்யணும். ஸ்கிரிப்டை நான் எழுதித் தர்றேன். அடுத்த ப்ராக்டிகலுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் லேபைத் திறந்து விடுங்க. பஸ்ஸுக்கு முன்னாடி முடிச்சுடறேன்.