ஒரு போகம் முழுக்கக் கற்றுக்கொடுங்கள்



கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் பயிரிடும் உங்களில் பலர் 'சாகரிகா' என்ற திரவ உரத்தை உரக்கடையில் பார்த்திருப்பீர்கள். இஃப்கோ விற்கும் அந்த உரம் கடல்பாசிச் சாற்றிலிருந்து தயாராகிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் கடலில் விளைவது நம் வயலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. மரக்காணமும் அதன் உப்பளங்களும் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதனால், கடல்பாசியும் சிப்பியும் வளர்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு எப்படிப்பட்ட பயிற்சி தேவை என்பதை இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் 'பெப்சி பாசி' என்று கேட்டால் எந்தப் பெண்ணும் கையைக் கடல் பக்கம் நீட்டுவார். காப்பாபைகஸ் என்ற அந்தப் பாசியை 1980களில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இந்தியக் கடலில் வளர்த்துப் பார்த்தவர்கள், பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தார். மண்டபத்தில் அவர்களுடைய ஆய்வு நிலையம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பெப்சி நிறுவனம் இந்தத் தொழிலில் இறங்க, மகளிர் குழுக்கள் பாசி கட்டத் தொடங்கின. நிறுவனம் விலகிப் பல ஆண்டுகள் ஆகியும் பெயர் நிலைத்துவிட்டது. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டிப்படுத்தும் காராஜீனன் இந்தப் பாசியிலிருந்து கிடைக்கிறது.

வேலை கேட்பதற்கு எளிது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் ஏறக்குறைய 150 கிராம் எடையுள்ள விதைப்பாசித் துண்டுகள் 20. மொத்தம் 60 கிலோ விதை. 45 நாளில் அது 200 கிலோவைத் தாண்டி வளரும். அதில் 60 கிலோவை அடுத்த போகத்துக்கு விதையாக எடுத்து வைத்துவிட்டு மீதியைக் காயவைத்தால், பத்தில் ஒரு பங்கு எடைதான் மிஞ்சும். ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் நாளுக்கு ஒன்றாக அறுத்துத் தினமும் வருமானம் பார்க்கலாம்.

இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் கயிற்றை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை யார் சொல்வது? இறுக்கினால் துண்டு அறுந்து போகும். தளர்த்தினால் அலை உருவிக்கொண்டு போகும். ஓரா மீன் மேயாமலிருக்க மிதவைக்கு அடியில் வலை கட்ட வேண்டும். அழுக்கும் வேண்டாத பாசியும் படிந்தால் அவ்வப்போது உலுக்கிக் கழுவ வேண்டும். வாடைக்காற்று தொடங்கும் முன் எதைக் கரையேற்றுவது, எந்த விதையை எங்கே காப்பது என்று தெரிய வேண்டும். கரும்பலகையில் எழுதிக் காட்டி நாற்று நடக் கற்பிக்க முடியாது என்பது நம் வயல்காரர்களுக்குத் தெரியும். கடலிலும் அப்படித்தான்.

சிப்பி வளர்ப்பும் கைப்பழக்கத்தால் வருவதே. கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் படன்னாவில் 1990களிலிருந்து பெண்கள் குழுக்களாகக் கல்லுமேக்காய் என்னும் சிப்பியை வளர்க்கிறார்கள். குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றிப் பரப்பி, மெல்லிய பருத்தித் துணியால் சுற்றித் தைத்து நீரில் தொங்கவிடுவார்கள். சில நாளில் துணி மக்கிப் போகும். அதற்குள் குஞ்சுகள் கயிற்றைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். எந்தத் துணி, எத்தனை குஞ்சு, எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் செய்து பார்த்துத்தான் பிடிபடும். சிப்பி, நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் கிருமி இருந்தால் அதன் உடலிலும் சேரும். அதனால் அறுவடைக்குப் பின் சுத்தமான நீரில் வைத்துத் தூய்மையாக்கும் முறையைக் கற்காதவர் சிப்பி விற்கவே கூடாது. நம் மாநிலத்துக்கு இது அந்நியமான கலையும் அல்ல. தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் 1973இல் விஞ்ஞானி அழகர்சாமி முத்துச்சிப்பியில் முத்து விளைவித்துக் காட்டினார்.

பயிற்சியில் வெற்றிக் கதைகள் மட்டும் போதாது. 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பாசி பெருமளவு அழிந்ததையும், பல குடும்பங்கள் தொழிலைவிட்டு விலகியதையும் சொல்ல வேண்டும். குருசடைத் தீவுப் பக்கம் இதே காப்பாபைகஸ் பவளப்பாறைமேல் படர்ந்து அதை மூடியது. எங்கே வளர்க்கலாம் என்பதோடு எங்கே வளர்க்கவே கூடாது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். அலை ஓயாத நம் மரக்காணம் கடலுக்குப் பாக் விரிகுடாவின் மூங்கில் மிதவை அப்படியே பொருந்தும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மகிழ்ச்சி. கட்டடம் எழும்பும் வேகத்தில் கைகளும் தேர வேண்டும். இரண்டு நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு குழுப் படம் என்று முடியும் பயிற்சியால் யாரும் விவசாயி ஆவதில்லை. விதை கட்டுவதிலிருந்து காயவைத்து எடை போட்டு விற்பதுவரை 45 நாளும் பயிற்சியாக இருக்கட்டும். அந்த நாட்களுக்குக் கூலியை இழந்து வரும் ஏழைப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கட்டும். பாடம் சொல்லும் இடத்தில் விஞ்ஞானியோடு, ஆண்டுக்கணக்கில் பாசி கட்டிய பெண்களும் சம்பளத்தோடு ஆசிரியராக நிற்கட்டும். பாசி எடுக்கும் பெண்களிடையிலிருந்து வந்த சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. உலகம் மதித்த அந்த அறிவை நம் பயிற்சி வகுப்புகள் கடைசி வரிசையில் உட்கார வைக்கலாமா?

உங்கள் வீட்டுப் பிள்ளையோ, உங்கள் மகளிர் குழுவோ இப்படியொரு பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போனால், கட்டணத்தையும் சான்றிதழையும் பற்றிக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "எங்களை எத்தனை நாள் தண்ணீரில் இறக்குவீர்கள்?" ஒரு போகம் முழுக்க என்று பதில் வந்தால் தயங்காமல் போய்ச் சேருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்