பிடுங்கலாமா, விடலாமா?

பள்ளிகொண்டாவில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, கண் அசரும் நேரம். கூடத்தில் ஒரே சத்தம்.

"ஈட்டி அவன் தோள்லதான் குத்திட்டு நிக்குது. ஓடிப்போய்ப் பிடுங்கி மறுபடியும் குத்துறேன்!" இது எட்டாவது படிக்கும் அண்ணன் மகன்.

"எப்படிடா? உள்ள இறங்கின ஈட்டி அவ்ளோ சுலபமா கைக்கு வருமா?" இது பிளஸ் ஒன் படிக்கும் அவன் அக்கா.

பதறிப்போய் எழுந்து பார்த்தால், தரையில் நான்கு பிள்ளைகள், ஆளுக்கொரு நோட்டு, பென்சில், நடுவில் இருபது முகம் கொண்ட ஒரு பகடை. ஈட்டியும் இல்லை, அரக்கனும் இல்லை. சண்டை முழுக்க வாயால்தான்!

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974இல் வெளிவந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். நடந்ததா இல்லையா என்று பகடை முடிவு செய்யும். அடிபட்டால் புள்ளி குறையும், புள்ளி தீர்ந்தால் ஆள் காலி. இப்போதைய விதிப்படி சண்டையில் ஒரு சுற்று என்பது 6 விநாடி.

பிள்ளைகளின் தகராறுக்குக் காரணம் இருக்கிறது. குத்தினால் எத்தனை புள்ளி என்று சொல்லும் இந்த விளையாட்டு, குத்திய ஆயுதம் உடம்பிலேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்குப் பொதுவாக ஒரு விதி வைக்கவில்லை. கதை சொல்பவரின் விருப்பம்தான். இங்கே கதை சொல்பவள் அக்கா. தம்பி விடுவானா?

"அத்தை, நீங்களே சொல்லுங்க!"

எனக்கு விளையாட்டு தெரியாது. ஆனால், இந்த வழக்கு தெரியும். வள்ளுவரே பார்த்த வழக்கு. படைச்செருக்கு அதிகாரத்தில், 774ஆவது குறள். கையிலிருந்த வேலை ஒரு வீரன் யானைமேல் எறிந்துவிடுகிறான். யானை வேலோடு போய்விட்டது. கை காலி. அடுத்த வேலுக்கு எங்கே போவது என்று பார்க்கிறான். எதிரி எறிந்த வேல் அவன் உடம்பிலேயே தைத்திருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு சிரிக்கிறானாம். புறப்பொருள் வெண்பாமாலை இதை ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. மார்பில் பாய்ந்த வேலைப் பறித்து எதிரிமேல் ஓச்சுவதற்குப் பெயர் நூழிலாட்டு.

"பாத்தியா!" என்று துள்ளினான் தம்பி.

"இரு, யானைமேல போன வேல் திரும்பி வரலையே. அதையும் கவனி" என்றேன். எறிந்த ஆயுதம் போனதுதான். ரோமானியர்கள் இதையே ஓர் உத்தியாக்கினார்கள். கி.மு. 58இல் ஹெல்வெட்டியர்களோடு நடந்த போரைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். ரோமானியர் எறிந்த ஈட்டிகள் எதிரிகளின் கேடயங்களில் பாய்ந்து, இரும்பு முனை வளைந்துகொண்டது. பிடுங்கவும் முடியவில்லை, அதைத் தூக்கிக்கொண்டு சண்டை போடவும் முடியவில்லை. கேடயத்தையே கீழே போட்டுவிட்டு வெறும் உடம்போடு நின்றார்களாம்.

ஆக, மாட்டிய ஆயுதம் என்பது ஒரு கணக்கு. பிடுங்கினால் ஒரு செலவு, விட்டால் ஒரு செலவு. அரை மணி நேரம் பேசி, பிள்ளைகள் ஒரு விதி எழுதினார்கள். பகடையில் 20 விழுந்தால் மட்டும் ஆயுதம் மாட்டும். ஒவ்வொரு அடிக்கும் மாட்டினால் சண்டை நகராது. மாட்டிய பிறகு, அதை விட்டுவிட்டு இடுப்புக் கத்தியை உருவலாம், செலவில்லை. பிடுங்கத்தான் வேண்டுமென்றால் அந்தச் சுற்று அதற்கே போய்விடும். பகடையில் 10க்கு மேல் விழவும் வேண்டும்.

சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அண்ணன் அப்போதுதான் பேசினார். "வெளிய வரும்போது அவனுக்கு ஒண்ணும் ஆகாதா?"

அண்ணன் இருபது வருடங்களாக ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர். தோல் வெட்டும் கத்தி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசைப் பையனின் தொடையில் கத்தி நழுவி இறங்கிவிட்டது. "அதுவரைக்கும் ரத்தம் கசியத்தான் செஞ்சுது. நல்ல மனசோட ஒருத்தர் ஓடி வந்து சட்டுனு உருவினாரு. அப்புறம்தான் கொட்டுச்சு. துணி மாத்தி துணி வெச்சு அழுத்திக்கிட்டே வேலூர் போனோம். பிழைச்சான். ஆனா டாக்டர் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. 'அது அங்கேயே இருந்திருந்தா அடைப்பு மாதிரி ரத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஏன்யா பிடுங்கினீங்க?'ன்னாரு."

கூடம் அமைதியானது.

வடஆர்க்காட்டுப் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரர்களில் சிலர், உடம்பில் தைத்த அம்போடே கல்லில் நிற்கிறார்கள். குறள் வீரன் சிரித்தது அவன் வீரம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வீரம் வேண்டாம்.

கத்தி, கம்பி, கண்ணாடித் துண்டு எதுவாக இருந்தாலும், ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அசைக்காதீர்கள். அதன்மேல் அழுத்தாமல், சுற்றிலும் சுத்தமான துணியை அணைத்து வைத்து, அது ஆடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் வந்தால் இரண்டு பக்கமும் அழுத்துங்கள். 108க்குச் சொல்லுங்கள். எடுக்கவேண்டியது ஆஸ்பத்திரியில். விரலில் ஏறிய சிறு முள்ளுக்கு இது பொருந்தாது. அதை நீங்களே எடுத்துவிடலாம்.

பிள்ளைகள் நோட்டில் விதியைத் திருத்தினார்கள். ஆயுதத்தைப் பிடுங்கினால், குத்தியபோது போன புள்ளியில் பாதி மறுபடியும் போகும். அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் உருவாக்கிய கர்ப்ஸ் என்ற விளையாட்டிலும் இப்படி ஒரு விதி உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குக் கீழே அண்ணன் மகள் இன்னொரு வரி சேர்த்தாள்: 'நம்ம ஆள் மேல அம்பு தைச்சா யாரும் தொடக்கூடாது. வைத்தியர் வரட்டும்.'

தம்பி உடனே அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினான். "அப்போ நம்ம குழுவுல வைத்தியர் யாரு?"

நாலு பேரும் வாளெடுத்த வீரர்கள். ஒருத்தரும் வைத்தியராக வரவில்லை. அடுத்த தடவை நான் வரும்போது அந்த இடம் எனக்குத்தானாம்.