சித்திரக்கதை சிறுபிள்ளைச் சமாச்சாரமா?

சித்திரக்கதை என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுழிக்கும் பெரியோர் நம் ஊர்களில் இன்றும் உளர். "பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படம் பார்க்கிறான்" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் வாப்பாமார், பத்திரிகையைக் கையில் எடுத்ததும் தாம் முதலில் தேடுவது கேலிச்சித்திரத்தையே என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர். படமும் சொல்லும் கைகோத்து நடக்கும் இக்கலை, விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் உலகின் பல பாகங்களில் எப்பொழுதோ அகன்றுவிட்டது. கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள நம் கரையோர ஊர்களில் அது அகலாதிருப்பது நமக்கே நட்டம் என்று சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

எந்தச் சித்திரக்கதையை நாம் கருதுகின்றோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொணர்ந்த இரும்புக்கை மாயாவியை நாம் இகழவில்லை. அவனைத் தேடித் தேடி வாசித்த ஒரு தலைமுறையின் தமிழ் வாசிப்புக்கு அவனே உஸ்தாத். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் சந்தாதாரரை நம்பி இன்றளவும் தாக்குப்பிடித்து நிற்கிறதென்றால், அதன் உழைப்பைப் போற்றவே வேண்டும். ஆயினும் மாயாவி பிரித்தானியப் பத்திரிகை ஒன்றின் சரக்கு. வாரந்தோறும் ஒரு தீயவன் தோன்றுவான், வாரந்தோறும் தோற்பான். நாம் இங்கே பரிந்துரைப்பது வேறொரு வகை. பெருநிறுவனத்தின் கட்டளைக்குப் பணியாமல், தான் கண்டதையும் பட்டதையும் தன் கையால் வரைந்து, சிறு பதிப்பகத்தின் துணையுடனோ தன் சொந்தப் பணத்திலோ ஒருவர் வெளியிடும் சுயாதீனச் சித்திரக்கதைகளையே குறிப்பிடுகின்றோம்.

இவ்வகை தோன்றிய வரலாறு அரசியல் அறிந்தோர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1954இல் அமெரிக்காவில் பிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், சித்திரக்கதைகளே சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். செனற் சபையின் உபகுழு விசாரணை நடத்தியது. அரசாங்கம் தணிக்கை செய்யுமுன் தாமே செய்துகொள்வோம் என்று அஞ்சிய பதிப்பாளர்கள் அவ்வாண்டிலேயே ஒரு விதிக்கோவையை வகுத்தனர். அவ்விதிகளில் ஒன்று யாது? பொலிஸாரையும் நீதிபதிகளையும் அரச அதிகாரிகளையும் மக்கள் மதிப்புக் குறையும்படி சித்திரித்தல் ஆகாது! மற்றொன்று, எந்தக் கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும். வாழ்க்கையில் வெல்லாத நன்மை காகிதத்தில் மட்டும் தவறாது வென்றுகொண்டிருந்தது. இந்தப் பொய்யைச் சகியாத இளைஞர் 1960களின் பிற்பகுதியில் விதிக்கோவையின் முத்திரையைப் பெறாமலே தம் படைப்புகளை அச்சிட்டனர். 1968இல் ரொபேர்ட் கிரம் என்ற ஓவியர் தம் முதல் இதழைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துச் சான் பிரான்சிஸ்கோவின் தெருவில் விற்றார். அந்தக் கிரம்மின் ஆபாசத்தையும், கறுப்பரையும் பெண்களையும் அவர் வரைந்த விதத்தையும் நாம் ஒப்பவில்லை. நம் மாணவர்க்கு அவரைப் பரிந்துரைக்கவும் இல்லை. சுயாதீனம் என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. ஆனால் அவர் திறந்த கதவின் வழியே பின்னர் வந்தவர்கள் பெரியோர்.

அவர்களுள் முதலில் நம் வாசகர் அறிய வேண்டியவர் ஜோ சாக்கோ. மோல்ற்றாத் தீவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் இவர் பத்திரிகையாளர். எழுதுகோலுடன் தூரிகையையும் ஏந்திச் செல்பவர். 1991ஆம் ஆண்டின் இறுதியிலும் 1992இன் தொடக்கத்திலும் மேற்குக் கரையிலும் காஸாவிலும் அலைந்து, அகதிமுகாம்களின் சேற்றில் நடந்து, கண்டவர் வீட்டிலெல்லாம் தேநீர் அருந்தி, அவர்கள் சொன்னதைக் கேட்டு வந்தார். 'பலஸ்தீன்' என்ற பெயரில் அது 1993 முதல் ஒன்பது இதழ்களாக வெளிவந்தது. அப்போது வாங்கியோர் மிகச் சிலரே. பின்னர் 1996இல் அமெரிக்க நூல் விருது கிடைத்தது. 2001இல் வந்த முழுத் தொகுப்புக்கு எட்வேர்ட் செய்த் முன்னுரை எழுதினார். 2009இல் அவர் வெளியிட்ட 'காஸாவின் அடிக்குறிப்புகள்' இன்னும் ஆழமானது. 1956 நவம்பரில் கான் யூனிஸிலும் ரஃபாவிலும் நிகழ்ந்த படுகொலைகளை ஐக்கிய நாடுகளின் அறிக்கை 275 பேர், 111 பேர் என்று எண்களாகக் குறித்துவிட்டு நகர்ந்துவிட்டது. சாக்கோ அரை நூற்றாண்டு கழிந்தபின் அங்கே சென்று, உயிரோடிருந்த முதியோரை ஒவ்வொருவராகத் தேடி, ஒருவர் நினைவு மற்றவர் நினைவுடன் முரண்படும் இடத்தையும் மறைக்காமல், சுவரோரம் நிறுத்தப்பட்ட மனிதரை ஒவ்வொரு முகமாக வரைந்தார்.

இதில் படத்தின் பணி என்ன என்று கேட்கலாம். பழைய சம்பவத்தைப் புகைப்படக் கருவி எடுக்க முடியாது. அன்று அங்கே கருவி இருக்கவில்லை. எழுத்து, "அவர்களை நிறுத்தினார்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிடும். படமோ அவர்கள் எப்படி நின்றனர், கை எங்கே இருந்தது, பக்கத்தில் நின்றவன் யார் என்பதையெல்லாம் காட்டாமல் தப்ப முடியாது. ஆகையால் வரைபவன் கேட்க வேண்டிய கேள்விகள் பெருகுகின்றன. சாட்சி சொல்பவரின் நினைவும் கூர்மையடைகிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையேயுள்ள வெள்ளை இடைவெளியில் நடந்ததை வாசகனே தன் மனத்தில் நடத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனாற்றான் சில பக்கங்களை விரைந்து புரட்ட முடிவதில்லை.

நம் கரையில் பிறந்த எம். ஏ. நுஃமான் 'பாலஸ்தீனக் கவிதைகள்' தொகுதியை 1981இல் தமிழுக்குத் தந்தார். அக்கவிதைகளைத் தமிழில் வாசிக்கும் பேறு பெற்றவர்களுக்குச் சாக்கோ அந்நியராக மாட்டார். கவிதையில் கேட்ட குரலுக்கு உரிய முகத்தை இங்கே காணலாம். 2023 ஒக்டோபருக்குப் பின்னர் காஸாவில் வீழ்ந்தவர்களைத் தொலைபேசித் திரையில் நாள்தோறும் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்களுக்கு, அவ்வழிவின் வேர் எங்கே கிடக்கிறதென்று நின்று காட்டும் நூல் இதுவே என்போம்.

"உருவம் வரைவது மார்க்கத்தில் ஆகுமா?" என்று சில அன்பர் கேட்பர். அந்த விவாதத்தைத் தீர்க்க நாம் வரவில்லை. அது ஆலிம்களின் துறை. ஆயினும் அறபுலகம் முழுவதும் அறிந்த ஒரு சித்திரத்தை மட்டும் நினைவூட்டுவோம். நாஜி அல் அலி என்ற பலஸ்தீன அகதி, 1969இல் குவைத் பத்திரிகையொன்றில் ஹன்தலா என்னும் பத்து வயதுச் சிறுவனை வரையத் தொடங்கினார். செருப்பில்லாத கால்கள், 1973க்குப் பின் முதுகின் பின்னே கட்டிய கைகள், நமக்கு முதுகு காட்டியே நிற்பான். முகத்தைக் காட்டாத அந்தச் சிறுவனைக் கண்டு அஞ்சாத அதிகாரம் அங்கே இல்லை. இஸ்ரேலை மட்டுமன்று, அறபு ஆட்சியாளரையும் பலஸ்தீனத் தலைவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1987 ஜூலை 22ஆந் திகதி இலண்டன் தெருவில் அவர் சுடப்பட்டார். ஆகஸ்ற் 29இல் மறைந்தார். எகிப்தில் மக்தி அல் ஷாஃபி வரைந்த 'மெற்றோ' 2008இல் பறிமுதல் செய்யப்பட்டு, வரைந்தவருக்கும் வெளியிட்டவருக்கும் தண்டம் விதிக்கப்பட்டது. லெபனானில் இளைஞர் கூடி 2007இல் தொடங்கிய 'சமந்தல்' இதழும் நீதிமன்றம் ஏறியது. சிறுபிள்ளைச் சமாச்சாரத்துக்காக எந்த அரசாங்கமாவது வழக்குத் தொடுக்குமா? நம் நாட்டிலேயே, கேலிச்சித்திரமும் வரைந்த பத்திரிகையாளர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24ஆந் திகதி காணாமலாக்கப்பட்டதை மறந்தோர் யார்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மவுஸ்', நாஸிகளைப் பூனைகளாகவும் யூதரைச் சுண்டெலிகளாகவும் வரைந்து, தம் தந்தை வதைமுகாமிலிருந்து மீண்ட கதையைச் சொல்கிறது. 1992இல் புலிற்சர் சிறப்பு விருது பெற்றது. சாக்கோவையும் இதனையும் அடுத்தடுத்து வாசிப்பது நலம். ஒருவர் துயரை வைத்து இன்னொருவர் துயரை மறைக்கும் அரசியலுக்கு அதுவே தக்க மருந்து. மர்ஜானே சத்ரபி தம் ஈரான் வாழ்வை வரைந்த 'பெர்செபோலிஸ்', ஓவியர்களே கூடி நடத்திய ஒரு சிறு பிரெஞ்சுப் பதிப்பகத்தின் வெளியீடு. தமிழாக்கமும் உண்டு. அவருடைய கருத்துக்கள் யாவும் நமக்கு உடன்பாடல்ல. அது வாசிக்காதிருக்கக் காரணமும் ஆகாது. கோண்ட் ஓவியர் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் அம்பேத்கரின் வாழ்வை வரைந்த 'பீமாயணம்' தமிழில் கிடைக்கிறது. அதில் கட்டங்களே இல்லை. பழங்குடிச் சுவரோவியம் போல் பக்கமெங்கும் கதை படர்ந்து செல்கிறது. கல்லூரி மாணவர் எவரும் முதலில் கையிலெடுக்கத் தக்கது அதுவே.

நம் நாட்டிலும் இம்மரபு இல்லாமற் போகவில்லை. பம்பாயில் கலை பயின்று திரும்பிய சுந்தர் என்னும் சி. சிவஞானசுந்தரம் 1960களின் தொடக்கத்தில் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கி, கொழும்பிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலுமாகப் போர்க்காலம் வரை நடத்தினார். சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் மிஸிஸ் டாமோடிரனும் ஒரு தனிமனிதரின் பிடிவாதத்துக்குப் பிறந்தவர்கள். 1996இல் அவர் மறைந்தார். அவ்விதழ்களை நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் எவரும் செலவின்றி வாசிக்கலாம். சிங்கள மக்களோ 1970களில் வாரந்தோறும் சித்திரக்கதைப் பத்திரிகைகளை வாங்கிக் குவித்தனர். கெமிலஸ் பெரேரா வரைந்த கஜமன் 2023இல் திரைப்படமாகவும் வந்தான். சகோதர இனத்தவர் ஐம்பது ஆண்டுகளாகத் தம் கிராமத்தைத் தாமே வரைந்து சிரிக்க, நாம் இன்னும் மாயாவியின் இலண்டனில் உலாவிக்கொண்டிருக்கின்றோம்.

இறுதிப் போரைப் பற்றிய சித்திரக்கதை ஒன்றும் உண்டு. ஐக்கிய நாடுகளின் பணியாளராக வன்னியில் 2008 வரை இருந்த பெஞ்சமின் டிக்ஸ், ஓவியர் லின்ட்ஸி பொலக்குடன் சேர்ந்து 2019இல் 'வன்னி' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். உயிர் தப்பியோரின் சாட்சியங்களைக் கொண்டு புனைந்த ஒரு குடும்பத்தின் கதை அது; ஆழிப்பேரலையில் தொடங்கி முள்ளிவாய்க்காலை நோக்கி நடக்கிறது. நேர்மையான நூல், வாசித்தே ஆக வேண்டியது. அதை மூடியபின் நமக்கு எழுந்த கேள்வியையும் சொல்லிவிடுகின்றோம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி இலங்கையில் அதிக உயிர்களைப் பலிகொடுத்த மாவட்டம் எது? அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் ஒரு காலைப்பொழுதில் இழந்தவற்றை வரைந்த ஒரு நூலை நாம் இன்னும் கண்டதில்லை. 1990இல் இக்கிழக்குக் கரையில் முஸ்லிம்களும் தமிழரும் மாறி மாறிச் சுமந்த மையித்துகளையும் பிணங்களையும் பற்றியும் அவ்வாறே. வன்னியின் கதையை வெளியார் ஒருவர் வந்து வரைந்தார். நமக்கும் எவராவது வருவாரென்று காத்திருப்பதா? அன்றைய அலையைக் கண்டவர்களின் தலை நரைத்துக்கொண்டிருக்கிறது.

வரைவதற்குப் பெரும் முதல் வேண்டியதில்லை. இந்தியாவில் ஷரத் சர்மா தொடங்கிய 'வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா' இயக்கம் கிராமத்தவரிடம் கற்பிக்கும் முறை இதுதான்: இரண்டு ஏ4 தாள்களை ஒட்டுக, நான்கு கட்டங்கள் வகுக்க, ஒரு கதையை அதற்குள் முடிக்க, போட்டோப் பிரதி எடுத்துத் தேநீர்க்கடைச் சுவரிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஒட்டுக. ஓவியப் பயிற்சி அவசியமில்லை. சொல்ல ஒரு சேதி இருந்தால் போதும். இது நம் பிள்ளைகளுக்குக் கைவராத வித்தையா? மருதமுனைத் தறியில் கோலம் போடத் தெரிந்த ஊருக்குக் கட்டம் போடத் தெரியாதா? நீலாவணனும் மருதூர்க் கொத்தனும் எழுதிய மண்ணில் கதைக்குப் பஞ்சமா?

நூல்களின் விலைதான் தடை, மறுக்கவில்லை. இறக்குமதியாகும் ஒரு சித்திரக்கதை ஒரு கூலித் தொழிலாளியின் சில நாட் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆகையால் தனியாரை வாங்கச் சொல்வதைவிட நூலகங்களை வாங்கச் சொல்வதே நீதி. கல்முனைப் பொது நூலகத்துக்கும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், பாடசாலை நூலகங்களுக்கும் வாசகர்கள் கையொப்பமிட்டு மகஜர் அனுப்பலாம். 'பலஸ்தீன்', 'மவுஸ்', 'வன்னி', தமிழ்ப் 'பீமாயணம்' ஆகிய நான்கை மட்டும் முதலில் கேட்போம். சித்திரக்கதையைச் சிறுவர் பகுதியின் மூலையில் தள்ளிவிடாமல் வரலாற்று நூல்களுடன் அடுக்கி வைக்குமாறும் அம்மகஜரில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

வாலிபர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 26 வருமுன் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து முதியோரை அணுகி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, நான்கு நான்கு கட்டங்களாக வரையுங்கள். பெரியநீலாவணையிலும் பாண்டிருப்பிலும் உள்ள தமிழ்த் தோழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலை வந்தபோது அது எவரிடமும் இனம் கேட்கவில்லை. சுவரில் ஒட்டியதுபோக ஒரு பிரதியை நமது முகவரிக்கு அனுப்புங்கள். அளவைச் சுருக்கி இப்பக்கத்திலேயே அச்சிடுவோம்.