ஆளொழிந்த வீட்டின் அழகு

சென்ற மாதம் அண்ணாகிராமத்தில் எங்கள் குடும்பத்தார் ஒன்றுகூடியிருந்தபோது, அண்மையில் மணமுடித்துத் தேனிலவுக்குச் சென்று திரும்பிய என் தங்கை மகன், தன் கைபேசியிலிருந்த படங்களை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். மத்தியதரைக் கடலிலுள்ள கிரீட் தீவு; அத்தீவின் ஹானியா நகரம்; அந்நகரின் பழைய பகுதியில் எட்டே அறைகள் கொண்ட ஒரு சிறு விடுதி. கல்லால் எழுந்த சுவர்கள், தெருவை நோக்கி நீண்ட மரமாடம், உள்முற்றத்தில் ஓர் எலுமிச்சை மரம், மாடியில் நின்றால் கடல். பெண்கள் வியந்தார்கள், பெரியவர்கள் ஓரிரவு வாடகையைக் கேட்டுத் திகைத்தார்கள். நானும் பார்த்தேன். அழகுதான், அதை மறுக்க எனக்கு மனமில்லை.

படங்களையெல்லாம் காட்டி முடித்தபின் அவன் என்னருகே வந்தமர்ந்து சொன்னான்: "மாமா, பரங்கிப்பேட்டை வீட்டையும் இப்படிச் செய்யலாம். வாங்குவதற்கு ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். நல்ல விலை தருகிறார். நாம் யாரும் அங்கே போவதில்லை. வீடாவது பிழைக்கும்."

'வீடாவது பிழைக்கும்' என்ற அந்த ஒரு சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இளைஞர்கள் பயணம் போகலாகாது என்றோ, மணமக்கள் கடலோரத்தில் நான்கு நாள் தங்குவது குற்றமென்றோ சொல்ல வரவில்லை. இப்னு பதூதாவைப் போற்றும் நாம் பயணத்தைப் பழிக்க முடியுமா? நான் எதிர்ப்பது வேறொன்றை. பழைய வீடுகளிலிருந்து மனிதர்களை ஒழித்துவிட்டு, எஞ்சிய வெறுமைக்குக் 'காதல் சூழல்' என்று பெயரிட்டு விற்கும் வணிகத்தை எதிர்க்கிறேன். அதைக் காட்டிலும், அவ்வணிகத்தையே பண்பாட்டுப் பாதுகாப்பு என்று நம்பத் தொடங்கிவிட்ட நம்முடைய மனநிலையை எதிர்க்கிறேன்.

மருமகன் தங்கிய அந்நகரின் கதையிலிருந்தே தொடங்குவோம். ஹானியாவை உதுமானியர் 1645இல் கைப்பற்றினர். 1669இல் கண்டியாக் கோட்டை வீழ்ந்தபின் தீவு அவர்கள் ஆட்சிக்குள் வந்தது. தீவு மக்களுள் பலர் இஸ்லாத்தைத் தழுவினர். ஆயினும் அவர்கள் வீட்டிலும் கடையிலும் பேசியது கிரேக்க மொழியே. 1913இல் தீவு கிரீசு நாட்டுடன் இணைந்தது. 1923 ஜனவரியில் லோசான் நகரில் கிரீசும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மொழியையோ விருப்பத்தையோ கேளாமல், மதம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு மக்களை மாற்றிக்கொள்வதென்பது அவ்வுடன்படிக்கை. முன்னரே உயிருக்கஞ்சி ஓடிவந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் கிறித்தவர்கள் அனத்தோலியாவிலிருந்து வந்தார்கள். மூன்றரை முதல் நான்கு லட்சம் முஸ்லிம்கள் கிரீசிலிருந்து போனார்கள். அவர்களோடு கிரீட் தீவின் முஸ்லிம்களும் போனார்கள். கிரேக்க மொழி மட்டுமே அறிந்திருந்த பாட்டிமார், துருக்கியின் அய்வாலிக் கரையிலும் அதனருகேயுள்ள ஜுந்தாத் தீவிலும் இறக்கிவிடப்பட்டார்கள்.

இன்று ஹானியாத் துறைமுகத்தின் பழைய பள்ளிவாசல் கண்காட்சிக் கூடம். அதே தீவின் ரெத்திம்னோ நகரத்து நெராட்சே பள்ளிவாசல் இசைப்பள்ளி. பழைய முஸ்லிம் குடியிருப்பான ஸ்ப்ளாஞ்சியாவின் தெருக்களில் சிறு விடுதிகள். எதிர்க்கரைக்குச் சென்றாலும் காட்சி மாறுவதில்லை. அய்வாலிக்கிலும் ஜுந்தாவிலும் கிரேக்கக் கிறித்தவர்கள் விட்டுச்சென்ற கல்வீடுகள் இன்று அதே வகை விடுதிகளாய் விளங்குகின்றன. இக்கரையில் முஸ்லிமின் வீடு, அக்கரையில் கிறித்தவரின் வீடு. இரண்டிலும் விளம்பர வாசகம் ஒன்றே: அமைதி, தனிமை, பழமை. ஆகவே இதை ஒரு சமயத்தாரின் குறையாக மட்டும் யாரும் கருத வேண்டாம்.

தெருமுனை நீரூற்று ஒன்றின் மேல் அரபெழுத்தில் ஒரு கல்வெட்டு இருந்ததென்றும், அதில் எழுதியிருப்பது என்னவென்று விடுதியில் எவருக்கும் சொல்லத் தெரியவில்லையென்றும் மருமகன் சொன்னான். சொன்னவன் அதையும் ஓர் அழகாகவே சொன்னான். அக்கல்லை வைத்தவரின் பேரப்பிள்ளைகள் எங்கே என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு தெரு அத்தனை அமைதியாய் இருக்கிறதென்றால், அங்கே சண்டை போட்ட பிள்ளைகளும், அரிசி புடைத்த பெண்களும், இருமிக்கொண்டு கிடந்த முதியவரும் எங்கோ போய்விட்டார்கள் என்பதே பொருள். விடுதிக்காரர் அவர்களை விரட்டவில்லை, உண்மைதான். ஆனால் அவர் விற்கும் சரக்கு அவர்கள் இல்லாமையே.

போர்தான் வேண்டுமென்பதில்லை, பணமும் அதே வேலையைச் செய்யும். 1229 வரை மதீனா மயூர்கா என்று வழங்கிய மயோர்க்காத் தீவின் பால்மா நகரை இன்று பாருங்கள். பயணிகளுக்கு விடும் அறைகளால் வாடகை ஏறி, ஊர்க்காரர் குடியிருக்க இடமின்றித் தவித்தபோது, 2018இல் நகராட்சி அடுக்கக வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதைத் தடைசெய்தது. அதன் பின்னும் 2024இல் ஆயிரக்கணக்கானோர் தெருவிலிறங்கிக் கிளர்ச்சி செய்தார்கள். சுற்றுலாவால் உண்டு வாழும் மக்களே இதைச் செய்தார்கள் என்பதைக் கருத வேண்டும்.

இதெல்லாம் தொலைதூரத்துக் கதையென்றால், தமிழ் பேசும் முஸ்லிம்களின் கதையொன்றும் உண்டு. இலங்கையின் காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. கலங்கரை விளக்கத்தின் எதிரே, தொலைவிலிருந்து பார்ப்போர் தேவாலயமென்று மயங்கும் தோற்றத்தில் நிற்கிறது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். அதைச் சுற்றிய தெருக்களில் மாணிக்க வணிகரும் சிறு கடைக்காரரும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தார்கள். கோட்டைக்குள் குடியிருந்தோரில் முஸ்லிம்கள் பெரும்பங்கினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டார் அவ்வீடுகளைத் தேடி வாங்கலாயினர். மாணிக்க வணிகர் ஒருவரின் மாளிகையாய் இருந்த வீடு விடுதியாகிச் சீரமைக்கப்பட்டு, 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் பெற்றது. சீரமைப்பு நேர்த்தியானதென்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு தெருவில் நான்கு வீடு விடுதியானால், ஐந்தாம் வீட்டுக்காரன் தன் வீட்டின் விலையைக் கேட்டு மயங்குகிறான். ஆறாம் வீட்டுக்காரன் மளிகைக்கடை மூடப்பட்டதால் அரிசிக்காகக் கோட்டைக்கு வெளியே நடக்கிறான். இலங்கை அரசு 2014இல் வெளிநாட்டார் நிலம் வாங்குவதைப் பொதுவாகத் தடைசெய்து, குத்தகைக்கு மட்டும் வழிவிட்டுச் சட்டம் இயற்றியது. அதற்குள் கோட்டையின் பல வாசல்களில் பழைய குடும்பங்களின் பெயர் மறைந்துவிட்டது.

கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலுள்ள புதுச்சேரியை நாம் எல்லோரும் அறிவோம். கடலை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் வார இறுதிகளில் நடந்து பாருங்கள். மஞ்சள் சுவரின் முன்னே நின்று படமெடுத்துக்கொள்ளும் கூட்டம் நிறைந்திருக்கும். அச்சுவருக்குள்ளே குடியிருப்பவரைக் காண்பது அரிது. தமிழர் பகுதியின் வீடுகளுக்குத் திண்ணையும், அதன்முன் தெருவோரத் தாழ்வாரமும் உண்டு. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கவும் மழைக்கு நிற்கவும், யாருடைய அனுமதியுமின்றி அமரவும் கட்டப்பட்டவை அவை. அதே திண்ணை விடுதியின் முகப்பானால், அதன்மேல் பித்தளை உருளியில் பூ மிதக்கும். வழிப்போக்கன் உட்கார்ந்தால் காவலாளி எழுப்புவான். கட்டடம் காக்கப்பட்டது, திண்ணை அழிந்தது. இவ்வேறுபாட்டை அறியாதவர் மரபைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

என் வாதத்துக்கு மூன்று மறுப்புகள் கூறுவர். மூன்றும் வலிமையுடையவை, ஆதலின் ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வேன்.

முதலாவது: விடுதி வந்திராவிட்டால் வீடு இடிந்திருக்கும். பெரும்பாலும் உண்மை. செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் துண்டு துண்டாய் விலைபோவதைக் கண்டவர்கள், விடுதியாவது மேல் என்றே சொல்வார்கள். ஆனால் இடிப்பதும் விற்பதும் மட்டுந்தான் வழிகளா? புதுச்சேரி வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையுடன் அரசும் இன்டாக் அமைப்பும் வீடுகளின் முகப்பைச் சீரமைத்தன. குடியிருந்தோர் குடியிருந்தபடியே இருந்தனர். அதற்கும் 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. காரைக்குடியில் 'பங்களா' என்னும் விடுதியை, அவ்வீட்டுக்குரிய குடும்பமே 1990களின் இறுதியில் தொடங்கி நடத்தி வருகிறது; விருந்தினருக்கு அவ்வூர்ச் சமையலே படைக்கப்படுகிறது. ஆக, வீட்டுக்காரர் வெளியேறாமலும் வீடு பிழைக்கும்.

இரண்டாவது: ஊராருக்கு வேலை கிடைக்கும். கிடைக்கும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் வேலை தருவதற்கு வீட்டின் உரிமையை விற்றாக வேண்டுமென்று எந்தக் கணக்கு சொல்கிறது? குத்தகைக்கு விட்டாலும் அதே வேலைகள் இருக்கும்; கூடவே ஆண்டுதோறும் ஒரு தொகை ஊருக்குள் வந்துகொண்டிருக்கும். விற்றால் ஒருமுறை வரும் பணம் சென்னையிலோ கோலாலம்பூரிலோ ஓர் அடுக்ககமாக மாறிவிடும். ஊருக்கு மிஞ்சுவது துணி வெளுக்கும் வேலை மட்டுமே.

மூன்றாவது மறுப்பு என் மருமகனுடையது: "நாம் யாரும் அங்கே போவதில்லையே, மாமா." இதற்கு என்னிடம் எளிதான விடையில்லை. ஏனெனில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் நானேதான்.

பரங்கிப்பேட்டை சாதாரண ஊரன்று. மஹ்மூது பந்தர் என்று வழங்கிய துறை. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வணிகம் செய்த கடற்கரை. 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படை அயர் கூட்டின் படையோடு மோதிய களம். எங்கள் வீடு அத்தனை பழமையானதன்று. மரக்கலத் தொழிலில் ஈட்டிய கடைசிப் பணத்தில் எழுந்தது. முன்கட்டில் ஆண்களும் வணிகரும். நடுவே திறந்த முற்றம். பின்கட்டு முழுதும் பெண்களின் ஆட்சி. பெருநாளன்று அம்முற்றத்தில் நாற்பது பேர் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டதை நான் கண்டிருக்கிறேன். 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது, கரையோரக் குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்கள் பல நாள் அவ்வீட்டில் தங்கினார்கள். அவர்கள் எம்மதத்தினர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓரிரவு வாடகை இன்னதென்று ஒருவரும் சொல்லவில்லை.

அதன்பின் நாங்கள் ஒவ்வொருவராய்க் கிளம்பினோம். சிங்கப்பூர், துபாய், சென்னை, நான் இங்கே அண்ணாகிராமம். இன்று அவ்வீட்டுக்குப் பங்குதாரர் இருபத்து மூவர். ஓடு மாற்றப் பணம் கேட்டால் இருவர் அனுப்புவார்கள். விற்பதற்குக் கையெழுத்துக் கேட்டால் இருபத்திருவர் அனுப்புவார்கள். லோசான் உடன்படிக்கை எங்களை வெளியேற்றவில்லை. அந்நியன் எவனும் துரத்தவில்லை. வாங்குகிறவன் வருமுன்னரே வீட்டைக் காலி செய்து வைத்தவர்கள் நாங்கள். இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளாமல் விடுதிக்காரரை மட்டும் ஏசுவது நேர்மையாகாது.

ஆகவே, பெருநாளுக்குப் பின் பங்குதாரர் கூடும்போது நான் வைக்கப்போகும் கோரிக்கைகளை இங்கேயே எழுதிவிடுகிறேன். இதே நிலையிலுள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும்.

வீட்டை விற்கலாகாது, குத்தகைக்கு விடலாம், அதுவும் குறித்த ஆண்டுகளுக்கு மட்டும். முன்கட்டையும் மாடியையும் விடுதிக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். பின்கட்டில் ஊரிலேயே இருக்கும் எங்கள் குடும்பமொன்று குடியிருக்க வேண்டும். திண்ணை தெருவுக்குரியது, அதில் உட்காருகிறவனை எழுப்பக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். ஆண்டில் சில நாள், திருமணத்துக்கோ மய்யித்துக்கோ, முற்றம் எங்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் திறந்திருக்க வேண்டும். கிடைக்கும் குத்தகையில் முதற்செலவு கூரைக்கு. இந்நிபந்தனைகளை ஏற்கும் வணிகர் ஒருவரும் இல்லையென்றால், ஆளுக்கொரு பங்கு போட்டு நாமே ஓடு மாற்றுவோம்.

இதனால் அவ்வீடு மருமகனின் படத்திலிருந்ததைப் போல் அழகாக இராது என்பதை அறிவேன். பின்கட்டில் குழந்தை அழும். மீன் குழம்பு மணக்கும். தனிமையை நாடி வந்த மணமக்களுக்கு அது இடையூறாகத் தோன்றலாம். தோன்றட்டும். ஒரு வீட்டில் விருந்தினராய்த் தங்க வருவோர், அது வீடு என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மருமகனுக்கு இதை நேரிலும் சொன்னேன். அவன் மறுத்தும் பேசவில்லை; இசைந்தும் பேசவில்லை. அடுத்த விடுமுறைக்கு மனைவியை அழைத்துக்கொண்டு நான்கு நாள் அங்கே தங்கிவிட்டு, அதன்பின் தன் கையெழுத்தைப் பற்றி முடிவு செய்யும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாவி என்னிடந்தான் இருக்கிறது. அவர்கள் போவதற்குள் நான் ஒருமுறை போய், கிணற்றைத் தூர்வாரி, முற்றத்தைக் கழுவி வைக்க வேண்டும்.